தொட்டறி படங்கள்: பார்வையற்றோர் கல்வியில் வரைபடத்தின் இடம்

2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் ஏறத்தாழ 2 கோடியே 68 லட்சம் மாற்றுத்திறனாளிகள் இருந்தனர். இவர்களுள் 50 லட்சத்து 32 ஆயிரம் பேர் பார்வைக் குறைபாடு உடையவர்கள். இவர்களில் பள்ளி செல்லும் வயதினர் அனைவரையும் கல்விக்கூடத்திற்குக் கொண்டுவருவது முதற்கடமை. அதற்கடுத்த கடமை, அங்கே அவர்களுக்குப் பாடம் முழுமையாகக் கிடைக்கச் செய்வது. பிரெயில் எழுத்தின் வாயிலாகவும் ஒலிநூல்களின் வாயிலாகவும் பாடநூலின் சொற்கள் இன்று அவர்களைச் சென்றடைகின்றன. ஆனால் பாடநூலின் படங்கள் பெரும்பாலும் சென்றடைவதில்லை.

அறிவியல், கணிதம், புவியியல் ஆகிய பாடங்களில் படம் ஓர் அலங்காரம் அன்று, அதுவே பாடம். முக்கோணத்தின் உச்சியிலிருந்து அடிப்பக்கத்திற்கு வரையப்படும் செங்குத்துக் கோட்டையும், இதயத்தின் நான்கு அறைகளையும், மின்சுற்றின் இணைப்புகளையும் சொற்களால் மட்டும் விளக்குவது கடினம். இந்த இடர்ப்பாட்டைக் கருதித் தேர்வுகளில் பார்வையற்ற மாணவர்களுக்குப் படம் சார்ந்த வினாவுக்குப் பதிலாக மாற்று வினா அளிக்கப்படுகிறது. இச்சலுகை நல்லெண்ணத்தால் எழுந்தது. எனினும், தேர்வில் கேட்கப்படாதது வகுப்பில் கற்பிக்கப்படாமல் போவதும், வகுப்பில் கற்பிக்கப்படாதது மேற்படிப்பின் வாயிலை அடைத்துவிடுவதும் இயல்பு. விலக்கு என்பது நாளடைவில் விலக்கப்படுதல் என்றாகிவிடுகிறது. பார்வையற்ற மாணவர் பலர் பத்தாம் வகுப்புக்குப் பின் அறிவியலையும் கணிதத்தையும் கைவிடுவதற்கு இது முக்கியமான காரணங்களுள் ஒன்று.

இக்குறையைத் தீர்க்கும் வழி, விரலால் தடவி உணரத்தக்க புடைப்புப் படங்களை உருவாக்குவதாகும். இவை தொட்டறி படங்கள் எனப்படும். இவற்றை வடிவமைக்கும் முறையையும், நம் நாட்டில் இத்துறையில் நடைபெற்றுள்ள பணிகளையும் இக்கட்டுரை விளக்குகிறது. வடிவமைப்பு முறைக்கு எடுத்துக்காட்டாக மகாராஷ்டிர மாநிலம் புனே மாவட்டத்திலுள்ள தளேகாவ் என்னும் ஊரின் வரைபடம் எடுத்துக்கொள்ளப்படுகிறது.

வரலாற்றுப் பின்னணி

பார்வையற்றோருக்கான முதற்பள்ளிகளுள் ஒன்றைப் பாரிஸ் நகரில் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாலந்தான் ஆயுய் தொடங்கினார். அவர் வழக்கமான ரோமன் எழுத்துகளையே புடைப்பாக அச்சிட்டு மாணவர்களுக்குக் கொடுத்தார். கண்ணுக்கு அழகாகத் தோன்றிய அவ்வெழுத்துகளை விரலால் படிப்பது மிகவும் மெதுவாகவே நிகழ்ந்தது. அதே பள்ளியில் பயின்ற லூயி பிரெயில், 1829இல் ஆறு புள்ளிகளைக் கொண்ட எழுத்து முறையை வெளியிட்டார். கண்ணுக்குரிய வடிவத்தை அப்படியே உயர்த்திக் காட்டுவதை விட, விரலுக்கென்றே வடிவத்தைப் புதிதாக அமைப்பதே பயன் தரும் என்பதை அவருடைய வெற்றி மெய்ப்பித்தது. தொட்டறி படங்களுக்கும் இதுவே அடிப்படை விதியாகும்.

இந்தியாவில் பார்வையற்றோருக்கான முதற்பள்ளி 1887இல் அமிர்தசரசில் தொடங்கப்பட்டது. தமிழகத்தில் பாளையங்கோட்டைப் பள்ளி 1890இல் தோன்றியது. புனேயில் பார்வையற்றோருக்கான பள்ளியும் இல்லமும் 1934இல் நிறுவப்பட்டன. இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெயில் முறை 1951இல் உருவாயிற்று. அதே காலத்தில் டேராடூனில் மத்திய பிரெயில் அச்சகமும் பணியைத் தொடங்கியது. எழுத்துக்கு இவ்வாறு ஒரு பொது முறை கிடைத்த பின்னும், படத்திற்கு அத்தகைய ஏற்பாடு நெடுங்காலம் கிடைக்கவில்லை. ஆர்வமுள்ள ஆசிரியர்கள் நூலையும் அட்டையையும் கொண்டு தங்கள் வகுப்புக்கு வேண்டியவற்றைத் தாமே செய்துகொண்டனர். அந்த ஆசிரியர் ஓய்வு பெற்றால் அந்தப் படமும் மறைந்துவிடும்.

கண்ணும் விரலும்

படத்தைக் கண் பார்ப்பதற்கும் விரல் அறிவதற்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவாக உணர்ந்தவரே நல்ல தொட்டறி படத்தை வடிவமைக்க இயலும்.

முதலாவதாக, கண் முழுமையிலிருந்து பகுதிக்குச் செல்கிறது. விரல் பகுதியிலிருந்து முழுமைக்குச் செல்கிறது. பார்வையுள்ளவர் ஒரு வரைபடத்தை விரித்த உடனே அதன் மொத்த வடிவம் அவருக்குப் புலனாகிவிடும். பிறகே அவர் ஓர் ஊரையோ ஆற்றையோ தேடுவார். விரலோ, ஒரு நேரத்தில் தன் நுனியளவு பரப்பை மட்டுமே அறியும். ஒவ்வொன்றாகத் தடவி அறிந்தவற்றை நினைவில் இணைத்தே முழு வடிவம் உருவாக வேண்டும். ஆகவே, படத்தில் தேவையற்ற ஒவ்வொரு கோடும் மாணவரின் நினைவாற்றலின் மீது ஏற்றப்படும் சுமையாகும்.

இரண்டாவதாக, விரலின் கூர்மைக்கு எல்லை உண்டு. அருகருகே உள்ள இரு புள்ளிகளை இரண்டு என விரல்நுனி பிரித்தறிய அவற்றிடையே ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் இடைவெளியேனும் வேண்டும். பிரெயில் எழுத்தின் புள்ளிகள் ஒன்றுக்கொன்று ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் தொலைவிலும், ஒவ்வோர் எழுத்துக் கட்டமும் அடுத்ததிலிருந்து ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் தொலைவிலும் அமைக்கப்படுவது இக்காரணத்தாலேயே. அச்செழுத்தைச் சிறிதாக்கி ஒரு மூலையில் அடக்கிவிடலாம். பிரெயில் எழுத்தை அவ்வாறு சுருக்க இயலாது.

மூன்றாவதாக, நிறம் விரலுக்கு இல்லை. வரைபடத்தில் நீலம் நீரையும் பச்சை காட்டையும் குறிப்பது போல, தொட்டறி படத்தில் பரப்பின் தன்மை பொருளைக் குறிக்க வேண்டும். வழவழப்பு, சொரசொரப்பு, வரிவரியான பரப்பு, புள்ளி நிறைந்த பரப்பு ஆகியவை நிறங்களுக்கு ஈடாக நிற்கின்றன.

நான்காவதாக, தொலைவில் உள்ளது சிறிதாகத் தோன்றுதல், முன்னால் உள்ள பொருள் பின்னால் உள்ளதை மறைத்தல் ஆகியவை பார்வைக்கே உரிய மரபுகள். மேசையின் நான்கு கால்களும் ஒரே நீளமானவை என்பதைக் கையால் அறிந்த பிறவிப் பார்வையற்ற மாணவருக்கு, பின்கால்களைக் குட்டையாக வரைந்து காட்டுவது குழப்பத்தையே தரும்.

இதனால் பார்வையற்றோருக்குப் படமே புரியாது என்று முடிவு செய்வது தவறு. கனடா நாட்டு உளவியலறிஞர் ஜான் கென்னடி, பிறவியிலேயே பார்வையற்றவர்களும் புறக்கோட்டுப் படங்களைப் புரிந்துகொள்ளவும் தாமே வரையவும் வல்லவர்கள் என்பதைத் தம் ஆய்வுகளில் காட்டியுள்ளார். சூசன் லெடர்மன், ராபெர்ட்டா கிளாட்ஸ்கி ஆகியோர் 1987இல் வெளியிட்ட ஆய்வு, கை தன் நோக்கத்திற்கேற்ப வெவ்வேறு அசைவுகளைத் தேர்ந்தெடுக்கிறது என்பதை விளக்கியது. பரப்பின் தன்மையை அறியக் கை பக்கவாட்டில் தேய்க்கிறது. துல்லியமான வடிவத்தை அறிய விளிம்பைத் தொடர்ந்து செல்கிறது. கடினத்தை அறிய அழுத்துகிறது. எடையை அறியத் தூக்கிப் பார்க்கிறது. விளிம்பைத் தொடர்ந்து செல்லும் விரல் வழிதவறாதபடி கோட்டை அமைப்பதே வடிவமைப்பாளரின் பணி.

தளேகாவ் வரைபடம்: ஓர் எடுத்துக்காட்டு

தளேகாவ் தாபாடே எனப்படும் தளேகாவ், மராட்டியப் பேரரசின் சேனாபதிகளாக விளங்கிய தாபாடே குடும்பத்தின் ஊராகும். மும்பை–புனே இருப்புப்பாதையில் புனேக்கு வடமேற்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. மக்களிடம் ஒவ்வொரு பைசாவாகத் திரட்டிய நிதியைக் கொண்டு 1908இல் கண்ணாடித் தொழிற்சாலை நிறுவப்பட்டதும் இவ்வூரிலேயே.

இவ்வூரின் சுற்றுப்புறத்தை வரைபடமாக்குவது தொட்டறி படக்கலையின் எல்லா இடர்ப்பாடுகளையும் ஒருங்கே காட்டும். வடக்கிலிருந்து தெற்காக நோக்கினால், முதலில் இந்திராயணி ஆறு; அடுத்து மும்பை–புனே இருப்புப்பாதை; பிறகு ஊர்; அதன்பின் பழைய மும்பை–புனே நெடுஞ்சாலை; அதற்கும் தெற்கே 2002இல் முழுமை பெற்ற விரைவுச்சாலை; இறுதியாகப் பவனா ஆறு. இவ்வைந்தும் ஏறக்குறைய ஒரே திசையில், வடமேற்கிலிருந்து தென்கிழக்காகச் செல்கின்றன.

பள்ளி நிலப்படத்தில் ஒரு மில்லிமீட்டர் ஒரு கிலோமீட்டரைக் குறிப்பதாகக் கொள்வோம். இந்த ஐந்து கோடுகளும் அப்போது ஒரு விரல்நுனியின் அகலத்திற்குள் அடங்கிவிடும். நீலம், கறுப்பு, சிவப்பு எனும் நிறங்களால் கண் அவற்றை எளிதில் பிரித்தறிகிறது. அதே படத்தை அப்படியே புடைப்பாக்கினால், விரலுக்குக் கிடைப்பது சொரசொரப்பான ஒரு பட்டை மட்டுமே. அதில் ஆறும் இல்லை, பாதையும் இல்லை. அச்சுப்படத்தை இயந்திரத்தில் கொடுத்துப் புடைப்பாக்கினால் போதும் என்னும் கருத்து எத்துணைத் தவறானது என்பதற்கு இது சான்று.

இவ்வரைபடத்தைக் கீழ்க்காணும் படிகளில் வடிவமைக்கலாம்.

1. வினாவைத் தீர்மானித்தல். வரைபடம் எந்த வினாவுக்கு விடை தரவேண்டும் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். 'ஆறுகளுக்கும் போக்குவரத்துப் பாதைகளுக்கும் உள்ள தொடர்பு யாது?' என்பதை இங்கே வினாவாகக் கொள்ளலாம். இவ்வினாவுக்குத் தேவைப்படாத கிராமங்கள், சிறு சாலைகள், தொழிற்பேட்டை எல்லைகள் ஆகியவற்றை நீக்கிவிடலாம்.

2. அளவையைப் பெரிதாக்குதல். பிரெயில் தாள் ஏறத்தாழ 28 சென்டிமீட்டர் அகலம் உடையது. ஓரங்கள் போக 25 சென்டிமீட்டர் கிடைக்கும். ஒரு சென்டிமீட்டருக்கு 500 மீட்டர் என்று கொண்டால் 12.5 கிலோமீட்டர் நிலப்பரப்பு அதில் அடங்கும். நிலத்தில் 2 கிலோமீட்டர் இடைவெளியுள்ள இரு பாதைகள் இப்போது தாளில் 4 சென்டிமீட்டர் தள்ளி நிற்கும். விரல் அவற்றை ஐயமின்றிப் பிரித்தறியும்.

3. குறியீடுகளைத் தேர்தல். ஆற்றுக்கு நெளிகோடு, இருப்புப்பாதைக்குக் குறுக்குக் கட்டைகள் உள்ள கோடு, நெடுஞ்சாலைக்கு உயர்ந்த, வழவழப்பான ஒற்றைக்கோடு, விரைவுச்சாலைக்கு இரட்டைக்கோடு, ஊருக்கு ஒரு வட்டம். ஒரே தாளில் ஐந்து வகைக்கு மேற்பட்ட கோடுகள் இருந்தால் விரல் தடுமாறும். குறியீடுகள் ஒன்றுக்கொன்று சற்றே வேறுபட்டால் போதாது. தொட்ட மாத்திரத்தில் வேறுபாடு தெரிய வேண்டும்.

4. இடைவெளி காத்தல். இரு கோடுகளுக்கு இடையிலோ, கோட்டுக்கும் எழுத்துக்கும் இடையிலோ குறைந்தது 3 மில்லிமீட்டரும், இயன்ற இடங்களில் 6 மில்லிமீட்டரும் விடவேண்டும். நிலத்தில் இரு பாதைகள் மிக நெருங்கும் இடத்தில், தாளில் அவற்றைச் சிறிது விலக்கியே வரையவேண்டும். அளவைத் துல்லியத்தில் சிறிது இழந்து தெளிவைப் பெறுவது இங்கே முறையானதே.

5. பெயர்களைச் சுருக்குதல். 'தளேகாவ்' என்னும் பெயர் பாரதி பிரெயிலில் ஏழு கட்டங்களைப் பிடிக்கும். ஒரு கட்டத்திற்கு 6 மில்லிமீட்டர் வீதம் இது 42 மில்லிமீட்டராகும். அப்பெயரைப் படத்தின் நடுவில் எழுதினால் இருப்புப்பாதையையோ சாலையையோ அது மறித்துவிடும். ஆகவே 'தள' என இரு கட்டங்களில் குறித்து, முழுப்பெயரைத் தனித்தாளிலுள்ள குறியீட்டு விளக்கத்தில் தரவேண்டும்.

6. தாள்களைப் பிரித்தல். இவ்வளவு செய்த பின்னும் படம் நெருக்கமாக இருப்பின், அதனை மூன்றாகப் பிரிக்கலாம். முதல் தாளில் ஆறுகளும் குன்றுகளும். இரண்டாம் தாளில் இருப்புப்பாதையும் சாலைகளும். மூன்றாம் தாளில் இரண்டும் சேர்ந்த எளிய வடிவம். மூன்றிலும் சட்டகம், அளவை, வடதிசைக்குறி, தளேகாவின் வட்டம் ஆகியவை ஒரே இடத்தில் இருத்தல் வேண்டும். அப்போதுதான் ஒரு தாளில் கற்ற இடத்தை விரல் அடுத்த தாளிலும் கண்டுகொள்ளும்.

இவ்வாறு அமைந்த மூன்று தாள்களையும் படித்த மாணவர், பாதைகள் அனைத்தும் இரு ஆறுகளின் பள்ளத்தாக்கை ஒட்டியே செல்வதைத் தாமே கண்டறிவார். மேற்குத் தொடர்ச்சி மலையில் போர் கணவாயை நோக்கிச் செல்வதற்கு இதுவே எளிய வழி. புனேக்கும் கண்டாலாவுக்கும் இடையில் 1858இல் இருப்புப்பாதை அமைத்தவர்களும், 1863இல் கணவாய்ப் பாதையை நிறைவு செய்தவர்களும், பிற்காலத்தில் சாலை அமைத்தவர்களும் ஒரே நிலத்தைத் தேர்ந்தெடுத்ததன் காரணம் அவருக்கு விளங்கும். 'தளேகாவ் இருப்புப்பாதையில் உள்ளது' என்று மனப்பாடம் செய்வதற்கும், அது ஏன் அங்கே உள்ளது என்று உய்த்துணர்வதற்கும் உள்ள வேறுபாடே வரைபடம் தரும் கல்வியாகும். படத்தை மறுப்பது இந்த உய்த்துணர்வையே மறுப்பதாகும்.

கட்டடமும் கனவடிவமும்

தளேகாவிலிருந்து லோனாவளா செல்லும் வழியில், மளவளி இரயில் நிலையத்திற்கு அருகே கார்லா குடைவரை உள்ளது. இங்குள்ள பௌத்த சைத்தியம் ஏறத்தாழ 38 மீட்டர் நீளமும், 14 மீட்டர் அகலமும், அதே அளவு உயரமும் உடையது. உள்ளே 37 தூண்கள் உள்ளன. வரலாற்று நூல்களில் இச்சைத்தியத்தின் புகைப்படம் வாயிலில் நின்று உள்நோக்கி எடுக்கப்பட்டதாகவே பெரும்பாலும் இருக்கும். அதில் அண்மைத் தூண்கள் பெரிதாகவும், தொலைவிலுள்ளவை சிறிதாகவும், பின்னுள்ளவை மறைந்தும் காணப்படும். அப்புகைப்படத்தைப் புடைப்பாக்குவதில் பயனில்லை.

மாறாக, இரு படங்கள் வேண்டும். ஒன்று, மேலிருந்து நோக்கும் தரைப்படம். ஒரு சென்டிமீட்டருக்கு 2 மீட்டர் என்று கொண்டால் மண்டபம் 19 சென்டிமீட்டர் நீளமும் 7 சென்டிமீட்டர் அகலமும் பெறும். தூண்கள் புள்ளிகளாக ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டருக்கு ஒன்று வீதம் அமையும். மாணவர் அவற்றை விரலால் எண்ணி, இரு வரிசைகளும் பின்புறம் அரைவட்டமாக வளைந்து ஸ்தூபத்தைச் சூழ்வதை அறியலாம். மற்றொன்று, குறுக்குவெட்டுத் தோற்றம். கூரையின் வளைவையும் பக்க வழிகளின் தாழ்ந்த உயரத்தையும் அது காட்டும். இரண்டிற்கும் துணையாகக் கைக்கடக்கமான ஒரு மாதிரியுருவை முதலில் தொட்டறியச் செய்தால், கனவடிவத்திற்கும் தட்டைப்படத்திற்கும் உள்ள உறவு தெளிவாகும். பூவின் நெடுக்குவெட்டுத் தோற்றம், கண்ணின் அமைப்பு போன்ற அறிவியல் படங்களுக்கும் இதே முறை பொருந்தும்.

தயாரிக்கும் முறைகள்

தொட்டறி படங்களைத் தயாரிக்கப் பல முறைகள் வழக்கில் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய இடம் உண்டு.

ஒட்டுப்படம் மிக எளியது. நூல், சணல், உப்புத்தாள், துணி, தானிய மணிகள் ஆகியவற்றை அட்டையில் ஒட்டி ஆசிரியரே செய்யலாம். பரப்பு வேறுபாடுகள் மிகத் தெளிவாக அமையும். ஆனால் ஒன்றை மட்டுமே செய்ய முடியும். படிகள் எடுக்க இயலாது.

கையால் புடைக்கும் முறையில், தையற்காரர் பயன்படுத்துவது போன்ற பல்சக்கரத்தைத் தாளின் பின்புறத்தில் உருட்டிக் கோடு எழுப்பலாம். பின்புறத்தில் வரைவதால் படத்தை இடவலமாக மாற்றி வரையவேண்டும். ரப்பர் விரிப்பின் மீது மெல்லிய பிளாஸ்டிக் தாளை வைத்துப் பந்துமுனைப் பேனாவால் எழுதினால், எழுதிய பக்கத்திலேயே கோடு எழும்பும். மாணவரே படம் வரைந்து பழகுவதற்கு இது மிகவும் ஏற்றது.

வெப்ப வார்ப்பு முறையில், முதலில் ஓர் அச்சு செய்யப்படுகிறது. பிளாஸ்டிக் தாளைச் சூடாக்கி, காற்றை உறிஞ்சி அச்சின் மீது படியச் செய்தால் படம் பதிந்துவிடும். ஓர் அச்சிலிருந்து பல படிகள் எடுக்கலாம். பல்வேறு உயரங்களைக் காட்ட இயல்வது இதன் சிறப்பு. அச்சு செய்யும் செலவு அதிகமாயினும், படிகளின் எண்ணிக்கை பெருகப் பெருக ஒரு படத்தின் விலை குறையும். ஆதலால் மாநிலம் முழுவதற்குமான பாடநூல்களுக்கு இம்முறை பொருத்தமானது.

பொங்கு தாள் முறையில், வேதிப்பொருள் பூசிய சிறப்புத் தாளில் கறுப்பு மையால் படம் அச்சிடப்படுகிறது. அத்தாளை வெப்பமூட்டும் கருவிக்குள் செலுத்தினால் கறுப்புக் கோடுகள் மட்டும் அதிக வெப்பத்தை ஈர்த்துப் பொங்கி எழும். சில நிமிடங்களில் படம் ஆயத்தமாகிவிடும். ஆனால் எல்லாக் கோடுகளும் ஒரே உயரத்தில் அமைவதும், தாளின் விலை மிகுதியாக இருப்பதும் குறைகள்.

கணினியுடன் இணைந்த பிரெயில் அச்சுப்பொறிகள் புள்ளிகளால் படம் வரைகின்றன. வரைகணிதப் படங்களுக்கும் எளிய வடிவங்களுக்கும் இவை போதும். நுண்ணிய வளைவுகளுக்குப் போதா.

நம் நாட்டில் நடைபெற்ற பணிகள்

அன்றாட வாழ்வில் அனைவரும் கையாளும் தொட்டறி குறி நம் ரூபாய் நோட்டில் உள்ளது. 2016க்குப் பின் வெளியான வரிசையில் 100 ரூபாய் நோட்டில் புடைப்பான முக்கோணமும், 500 ரூபாய் நோட்டில் வட்டமும் உள்ளன. ஓரங்களில் சாய்ந்த கோடுகள் 100 ரூபாயில் நான்கும் 500 ரூபாயில் ஐந்துமாக அமைந்துள்ளன. எளிய வடிவம், தெளிவான வேறுபாடு என்னும் விதிகளை இவை பின்பற்றுகின்றன. எனினும், பல கை மாறிய நோட்டில் புடைப்பு தேய்ந்துவிடுகிறது. வடிவம் மட்டுமன்றி அதன் நீடிப்பும் வடிவமைப்பின் ஒரு பகுதி என்பதை இது உணர்த்துகிறது.

கொல்கத்தாவிலுள்ள தேசிய நிலப்பட நிறுவனமான நாட்மோ, பார்வையற்றோருக்கான இந்திய நிலப்பட நூலைத் தயாரித்தது. இந்நூல் 2017 ஜனவரியில் வெளியிடப்பட்டது. பட்டுத்திரை அச்சு முறையில் வண்ணப்பூச்சையே புடைப்பாக ஏற்றும் நுட்பம் இதற்குக் கையாளப்பட்டது. புது தில்லி தேசிய அருங்காட்சியகத்தில் 2015இல் தொடங்கப்பட்ட 'அனுபவ்' கூடத்தில், அருங்காட்சியகப் பொருள்களின் மாதிரிகளைப் பார்வையற்றோர் தொட்டறிய வழி செய்யப்பட்டது.

தில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர்கள் எம். பாலகிருஷ்ணன், பி.வி.எம். ராவ் ஆகியோரின் குழு இத்துறையில் குறிப்பிடத்தக்க பணியாற்றியுள்ளது. பார்வையற்றோர் தடையை முன்னறிய உதவும் 'ஸ்மார்ட்கேன்' என்னும் ஊன்றுகோல் இணைப்பைச் சென்னை ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் நிறுவனத்தின் துணையுடன் 2014இல் வெளிக்கொணர்ந்ததும் இக்குழுவே. மின்னணுத் தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் உதவியுடன் தொட்டறி படங்களுக்கான உயராய்வு மையம் அக்கழகத்தில் அமைக்கப்பட்டது. கணினியில் வடிவமைத்த அச்சுகளிலிருந்து வெப்ப வார்ப்பு முறையில் பாடநூல் படங்கள் தயாரிக்கப்பட்டன. இதன் தொடர்ச்சியாக இலாப நோக்கமற்ற ரைஸ்ட் லைன்ஸ் ஃபவுண்டேஷன் உருவாயிற்று. ஓர் அச்சைக் கையால் செதுக்குவதற்குப் பதிலாகக் கணினிக் கோப்பாகச் சேமித்து வைப்பதால், பாடநூல் மாறும்போது கோப்பைத் திருத்தினால் போதும். ஆசிரியருடன் படம் மறைந்துபோன பழைய நிலைக்கு இது ஒரு தீர்வு.

சட்டமும் நடைமுறையும்

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. வரையறுக்கப்பட்ட அளவு குறைபாடுள்ள மாணவர்களுக்கு 18 வயது வரை நூல்களும், கற்றல் பொருள்களும், துணைக்கருவிகளும் இலவசமாக வழங்கப்பட வேண்டும் என்பதை இச்சட்டத்தின் 17ஆம் பிரிவு கூறுகிறது. தொட்டறி படம் கற்றல் பொருளே என்பதில் ஐயமில்லை. 2012ஆம் ஆண்டின் பதிப்புரிமைத் திருத்தச் சட்டம், மாற்றுத்திறனாளிகள் அணுகத்தக்க வடிவில் நூல்களைப் படியெடுப்பதற்கு இடமளித்தது. இப்பொருள் குறித்து 2013இல் உருவான மராக்கேஷ் உடன்படிக்கையை 2014இல் உலகிலேயே முதலாவதாக உறுதி செய்த நாடு இந்தியா. ஆகவே பாடநூலின் படத்தைத் தொட்டறி படமாக்குவதற்குச் சட்டத் தடை ஏதுமில்லை. எஞ்சியிருப்பது நடைமுறையே.

நடைமுறையில் நான்கு செயல்கள் இன்றியமையாதவை.

முதலாவது, பாடநூல் எழுதப்படும்போதே தொட்டறி படமும் திட்டமிடப்பட வேண்டும். அச்சுநூல் ஜூன் மாதத்தில் வந்து, படத்தாள்கள் ஆண்டிறுதியில் வந்தால் மாணவருக்குப் பயனில்லை. எந்தப் படம் இன்றியமையாதது, எதனைச் சொற்களால் விளக்கினால் போதும் என்பதைப் பாட ஆசிரியரே முடிவு செய்ய இயலும்.

இரண்டாவது, ஒவ்வொரு படமும் பார்வையற்ற வாசகர்களிடம் சோதிக்கப்பட வேண்டும். பார்வையுள்ள வடிவமைப்பாளர் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்ப்பது சோதனையாகாது; அவர் அப்படத்தை முன்பே கண்டவர். 'படம் நன்றாக இருக்கிறதா?' என்று கேட்பதும் போதாது. 'இருப்புப்பாதையின் எப்பக்கத்தில் ஊர் உள்ளது?' என்பது போன்ற வினாவுக்கு வாசகர் படத்திலிருந்தே விடை காண்கிறாரா, எவ்வளவு நேரத்தில் காண்கிறார் என்பதை நோக்க வேண்டும்.

மூன்றாவது, படம் படிக்கும் பயிற்சி சிறு வயதிலேயே தொடங்க வேண்டும். பிரெயில் எழுத்தைப் போலவே படமும் கற்றுத் தேற வேண்டிய ஒரு மொழி. இரு கைகளாலும் தாளின் எல்லையை அறிதல், ஒரு கையை நிலையாக ஊன்றி மறு கையால் கோட்டைத் தொடர்தல், குறியீட்டு விளக்கத்தை முதலில் படித்தல் ஆகிய பழக்கங்கள் முதல் வகுப்பிலேயே வளர்க்கப்பட வேண்டும். பத்தாம் வகுப்பில் முதன்முறையாக ஒரு படத்தைக் கையில் கொடுத்துவிட்டு, மாணவருக்குப் புரியவில்லை என்று முடிவு கட்டுவது நியாயமாகாது. பார்வையுள்ள குழந்தை எழுத்து அறிவதற்கு முன்பே ஆயிரக்கணக்கான படங்களைக் கண்டுவிடுகிறது என்பதை மறத்தலாகாது.

நான்காவது, தேர்வு முறை மாற வேண்டும். தொட்டறி படத்துடன் கூடிய வினாத்தாளை விரும்பும் மாணவருக்கு அதனைப் பெறும் வாய்ப்பு இருக்க வேண்டும். மாற்று வினா ஒரு தெரிவாகத் தொடரலாம். ஒரே வழியாக இருத்தல் கூடாது. 2013ஆம் ஆண்டில் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் 12ஆம் வகுப்புத் தேர்வில் அறிவியல் பிரிவில் 96 விழுக்காடு மதிப்பெண் பெற்ற கார்த்திக் சாஹ்னி பார்வையற்றவர். அப்பிரிவில் சேருவதற்கே அவர் போராட வேண்டியிருந்தது. திறமை இல்லாமையால் அன்றி, வழி இல்லாமையால் இத்தகையோர் அரியராய் இருக்கின்றனர்.

முடிவுரை

தொட்டறி படம் பார்வையுள்ளோரின் படத்திற்கு ஒரு மலிவான மாற்று அன்று. அது தனக்கென விதிகளும் அளவுகளும் கொண்ட தனிக் கலை. எதை வரைவது என்பதை விட எதை விடுவது என்பதை அறிதல் இக்கலையில் முதன்மையானது. இதற்கு வேண்டிய நுட்பம் நம் நாட்டில் உள்ளது, சட்டம் உள்ளது, நூலும் அட்டையும் கொண்டு நாளையே தொடங்கத்தக்க எளிய முறைகளும் உள்ளன. பாடநூல் நிறுவனங்களும், கல்வி அலுவலர்களும், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளும் இவற்றை ஒருங்கிணைக்க வேண்டும். ஒரு பள்ளத்தாக்கின் வழியே ஆறும் இருப்புப்பாதையும் சாலையும் ஏன் சேர்ந்து செல்கின்றன என்பதை ஒரு மாணவர் தம் விரலால் கண்டறியும்போது, அவர் பெறுவது சலுகையன்று. பிற மாணவர் அனைவரும் பெறும் அதே பாடம்.